நாற்பத்தெட்டு

ஆர்வியாட் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில்
நீள மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
பழைய துப்பாக்கிகளைத் திரும்பப் பெறும் நாள்.
புதியவை வந்துவிட்டன: சிவப்புக் கட்டை,
துருப்பிடிக்காத குழல், வேறு அளவுத் தோட்டா.
என் வேலை எண்ணுவது, எண்ணியதை எழுதுவது,
எழுதியதன் அடியில் கையெழுத்து வாங்குவது.

நிவியாக் ஓர் அட்டைப் பெட்டியை வைத்தாள்.
சீல் தோல் வாரால் இரண்டு சுற்று.
மேலே அச்சு: நாற்பத்தெட்டு.
த்ரீ நாட் த்ரீ.

ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன்.
அடிவட்டில் பொடி எழுத்து: டி, ஐ, இசட். 1943.
கியூபெக், வெர்டன் ஆலை.
கொண்டை ஊசியைக்கூட
வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு
தலைத்துணியோடு உள்ளே போன பெண்கள்.
ரோசால்பா திவியேர்ஜ் என்றொருத்தி
இதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்திருப்பாள்.
பெயர் நான் வைத்தது.
பெட்டிக்குள் கிடந்த துண்டுச் சீட்டில்
212 என்ற எண் மட்டும்.
கீறல் இருந்தால் இடப்பக்கத் தொட்டி,
இல்லாவிட்டால் உலகப்போர்.

தோட்டாவின் குலம் அவளைவிட மூத்தது.
1888இல் கரும்பொடியை வில்லையாய் அழுத்தி அடைத்தார்கள்;
ஒரு முறை சுட்டால்
சுட்டவனுக்கே எதிரி தெரியமாட்டான், அத்தனை புகை.
பிறகு கார்டைட். சேமியா போல
நீள நீளமாய், இழை இழையாய்.
அந்த மாவைப் பிசைய அசிட்டோன் வேண்டும்.
முதல் போரில் அது போதாமல்போக
இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகள்
குதிரைச் செஸ்ட்நட் கொட்டைகளைப்
பொறுக்கிப் பொறுக்கிச் சாக்கில் கட்டினார்கள்.
எதற்கென்று யாரும் சொல்லவில்லை.
சேமியாவில் பாதி நைட்ரோகிளிசரின்.
என் அப்பா அதை மாத்திரையாக
நாக்கடியில் வைத்துக்கொள்வார், நெஞ்சு பிசையும்போது.

(இசட் என்றால் சேமியா இல்லை, வேறு பொடி.
குமாஸ்தா என்பதால் சொல்லி வைக்கிறேன்.)

மூக்குதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.
உடலுக்குள் விரியும் மூக்கு ஆகாதென்று
ஹேக் நகரில் நாடுகள் கூடி எழுதின.
சரியென்று மூக்கை மூடினார்கள்.
மூடிய மூக்கின் நுனிக்குள்
ஈயம் வைக்காமல் அலுமினியம் வைத்தார்கள்;
அதற்கும் தட்டுப்பாடு வந்தால் மரக்கூழ், காகிதம்.
நுனி இலேசு, பின்பக்கம் கனம்.
சதைக்குள் நுழைந்ததும் குட்டிக்கரணம் போடும்.
சட்டம் காகிதத்தில் இருந்தது.
காகிதம் தோட்டாவுக்குள் இருந்தது.

உயிருள்ளவை முப்பத்தொன்பது.
வெறுங்கூடு எட்டு.
"ஒன்று குறைகிறது" என்றேன்.

நிவியாக் விரல் விடவில்லை, உதடு மட்டும் அசைந்தது.
மூன்று, காரிபூ மான்களுக்கு.
இரண்டு, குப்பைமேட்டுக்கு வந்த பனிக்கரடியின்
தலைக்கு மேலே, வானத்துக்கு.
கரடி எங்களைச் சலிப்போடு பார்த்துவிட்டுப் போனது.
ஒன்று, சீலுக்கு. அது மூழ்கிப்போய்விட்டது,
அதைக் கேட்காதே.
இரண்டு, குறி பார்க்க. இந்தக் கிழடு
எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும்.

அதோடு நிறுத்திக்கொண்டாள்.
படிவத்தில் மூன்று கட்டம்:
உள்ளது, சுட்டது, தொலைந்தது.

"மைனஸ் நாற்பதில் புதியது சிக்காதா?"
"சிக்காதென்று எழுதியிருக்கிறது."
"யார் எழுதினார்கள்?"
"ஒட்டாவாவில்."
"ஓ."

பிறகு பார்க்காவின் கழுத்துப் பக்கம் கைவிட்டு
கயிற்றில் கோத்த ஒரு பித்தளைக் கூட்டை எடுத்தாள்.
தேய்ந்து தேய்ந்து எழுத்தெல்லாம் மழுங்கியிருந்தது.
வாயைக் கீழுதட்டில் சாய்த்து ஊதினாள்.
கூடம் முழுக்க ஒரு கூர்மையான சத்தம்.
சிக்சிக் வளைக்கு வெளியே தலை நீட்டும்
என்றாள், கோடையில், இதைக் கேட்டால்.
தரை அணில் ஒன்றும் வரவில்லை.
பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொடுக்கணுமா?"

மூன்று கட்டத்திலும் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்:
ஒன்று, பயன்பாட்டில்.
கையெழுத்துப் போட்டாள்.
அடுத்த ஆள் தன் துப்பாக்கியை மேசையில் வைத்தான்,
சீல் கொழுப்பு வாடையோடு.
படிவத்தில் ஒரு விரல் கறை,
துடைத்தும் போகவில்லை.